திரைப்படத் தயாரிப்பில் தொழிற்பாதுகாப்பு

திரைப்படத் தயாரிப்பில் தொழிற்பாதுகாப்பு என்பது திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், விளம்பரப்படம், அசைவூட்டம், நிகழ்பட ஆட்டம் முதலிய படைப்பு ஊடகங்களை உருவாக்குவோரின் உயிர், உடல்நலம், உளநலம் ஆகியவற்றைக் காப்பதற்கான சட்டங்கள், நடைமுறைகள், பொறியியல் ஏற்பாடுகள் ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். நடிகர்கள், சண்டைக் கலைஞர்கள், ஒளிப்பதிவுக் குழுவினர், விளக்குத் தொழிலாளர்கள், அரங்க அமைப்பாளர்கள், ஓட்டுநர்கள், சமையல் பணியாளர்கள், படத்தொகுப்பாளர்கள், கணினி வரைகலைஞர்கள் ஆகிய அனைவரும் இதன் வரம்பில் அடங்குவர்.

திரையில் தோன்றும் ஆபத்து போலியானது. ஆனால் அதைப் படமாக்கும் இடத்தில் உள்ள உயரமும், மின்சாரமும், தீயும், வேகமும் உண்மையானவை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள எல்லையைக் காப்பதே இத்துறையின் அடிப்படை நோக்கம் ஆகும்.

தொழிலின் சிறப்பியல்புகள்

தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளைத் திரைப்படத் தயாரிப்புக்கு அப்படியே பொருத்துவது கடினம். அதற்குப் பின்வரும் காரணங்கள் உள்ளன.

* பணியிடம் நிலையானது அன்று. இன்று படப்பிடிப்புத் தளம், நாளை மலைச்சாரல், மறுநாள் தொடர்வண்டி நிலையம் என இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தின் ஆபத்துகளை அறிந்துகொள்வதற்குள் குழு அடுத்த இடத்திற்குச் சென்றுவிடுகிறது.
* பெரும்பாலானோர் நாட்கூலி அடிப்படையிலோ ஒரு படத்திற்கு மட்டுமோ அமர்த்தப்படுகின்றனர். பாதுகாப்புக் குறையைச் சுட்டிக்காட்டினால் அடுத்த படத்திற்கு அழைப்பு வராது என்னும் அச்சம் இயல்பாகவே நிலவுகிறது.
* ஒரு நாள் படப்பிடிப்பின் செலவு மிகுதி. நட்சத்திர நடிகரின் கால்சீட், வாடகைக்கு எடுத்த கருவிகள், சூரிய ஒளி ஆகியவை நேரத்தை நெருக்குகின்றன.
* ஒரு காட்சியை மாற்றும் முடிவு படப்பிடிப்பு இடத்திலேயே எடுக்கப்படுகிறது. ஒத்திகை பார்த்த செயல் ஒன்றாகவும், படமாக்கப்படும் செயல் வேறொன்றாகவும் அமைவது உண்டு.
* பொறுப்பு பலரிடம் பகிரப்பட்டுள்ளது. தயாரிப்பாளர், இயக்குநர், சண்டைப் பயிற்சியாளர், கருவி வாடகை நிறுவனம், தள உரிமையாளர் ஆகியோரில் யார் தடுத்திருக்க வேண்டும் என்னும் கேள்வி பெரும்பாலும் விபத்துக்குப் பின்னரே எழுகிறது.

வரலாறு

தீப்பற்றும் படச்சுருள்

திரைத்துறையின் முதல் பெரும் ஆபத்து படச்சுருளே ஆகும். தொடக்ககாலப் படச்சுருள்கள் செல்லுலோசு நைத்திரேற்று என்னும் வேதிப்பொருளால் ஆனவை. இது எளிதில் தீப்பற்றும். எரிவதற்குத் தேவையான ஆக்சிசன் அதன் மூலக்கூற்றிலேயே இருப்பதால் நீரில் மூழ்கிய நிலையிலும் தொடர்ந்து எரியக்கூடியது. எரியும்போது நச்சுத்தன்மை கொண்ட நைதரசன் ஆக்சைடுகளையும் வெளியிடும்.

1897 ஆம் ஆண்டு மே 4 அன்று பாரிசு நகரில் நடந்த அறக்கொடைச் சந்தை ஒன்றில், திரையிடும் கருவியின் ஈதர் விளக்கிலிருந்து பரவிய தீயில் 120 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஐக்கிய இராச்சியத்தில் 1909 ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் திரையரங்குகளுக்கு உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. திரையிடும் அறையைப் பார்வையாளரிடமிருந்து பிரித்து அமைக்கும் விதிகள் இதன்வழி வந்தன. இந்தியாவில் 1918 ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டமும் திரையரங்கு உரிமத்தை முறைப்படுத்தியது. இவ்விரு சட்டங்களும் முதலில் பார்வையாளரின் பாதுகாப்பையே கருத்தில் கொண்டன. படத்தை உருவாக்கும் தொழிலாளியின் பாதுகாப்பு பிற்காலத்திலேயே சட்டத்தின் பார்வைக்கு வந்தது.

1950களின் தொடக்கத்தில் நைத்திரேற்றுச் சுருள் உற்பத்தி கைவிடப்பட்டு, எளிதில் தீப்பற்றாத செல்லுலோசு அசற்றேற்றுச் சுருள் அதன் இடத்தைப் பிடித்தது. ஆபத்தான பொருளை ஆபத்துக் குறைந்த பொருளால் மாற்றீடு செய்வதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

விளக்குகளும் ஒப்பனைப் பொருட்களும்

1920களில் பயன்பட்ட கார்பன் வில் விளக்குகள் புற ஊதாக் கதிர்களை மிகுதியாக வெளியிட்டன. இதனால் நடிகர்களின் கண்கள் சிவந்து வீங்கின. விளக்கு நிறுவனத்தின் பெயரால் இந்நோய் "கிளீக் கண்" என்று அழைக்கப்பட்டது.

1923 இல் அமெரிக்க நடிகை மார்த்தா மான்சுபீல்டு, படப்பிடிப்பு இடத்தில் தீக்குச்சியிலிருந்து தம் அகன்ற ஆடையில் பற்றிய தீயினால் இறந்தார். 1939 இல் வெளிவந்த "த விசார்டு ஆஃப் ஓசு" திரைப்படத்தின் தயாரிப்பின்போது, தகர மனிதன் வேடத்திற்குப் பூசப்பட்ட அலுமினியத் தூளைச் சுவாசித்த பட்டி எப்சன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்குப் பதிலாக நடித்த சாக் ஏலிக்கு அத்தூள் பசையாக மாற்றிப் பூசப்பட்டது. அதே படத்தில் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஆமில்டன், தீப்பிழம்புக்கு நடுவே மறையும் காட்சியில் முகத்திலும் கையிலும் தீக்காயம் அடைந்தார். அக்காலத்தில் செயற்கைப் பனியாகக் கல்நார் தூவப்பட்டதும் உண்டு. கல்நார்த் துகள்கள் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது பின்னர் நிறுவப்பட்டது.

முதன்மையான ஆபத்துகள்

உயரமும் பாரமும்

விளக்குக் கோபுரங்கள், பளுதூக்கிகள், தற்காலிகச் சாரங்கள், கயிற்றில் தொங்கும் நடிகர்கள் ஆகியவை உயரத்துடன் தொடர்புடைய ஆபத்துகள். பளுதூக்கியின் கொள்ளளவு ஒரு நிலையான எண் அன்று. கை நீளும் தூரம் கூடக்கூட அது தூக்கக்கூடிய எடை குறையும். மென்மையான தரை, காற்று, சாய்வு ஆகியவை அதை மேலும் குறைக்கும். பொருட்களை ஏற்றி இறக்குவதற்கான பளுதூக்கியைப் பெரிய விளக்குகளை நெடுநேரம் தாங்கி நிறுத்தப் பயன்படுத்தும்போது இக்கணக்கு எளிதில் பிழையாகிவிடுகிறது.

கயிற்றுக் காட்சிகளில் கயிறு மட்டுமன்றி, கொக்கி, கப்பி, கயிறு கட்டப்பட்ட தூண் ஆகிய ஒவ்வொன்றும் பாரத்தைத் தாங்க வேண்டும். விழும் உடலைத் திடீரென நிறுத்தும்போது ஏற்படும் விசை அவ்வுடலின் எடையைப் போல் பல மடங்கு ஆகும். எனவே நிலையாகத் தொங்கவிட்டுச் சோதிப்பது மட்டும் போதுமானது அன்று.

மின்சாரம்

வெளிப்புறப் படப்பிடிப்புகளில் ஜெனரேட்டர் எனப்படும் மின்னாக்கியிலிருந்து நீண்ட கம்பிகள் வழியே மின்சாரம் கொண்டுசெல்லப்படுகிறது. செயற்கை மழை பொழியும் காட்சிகளில் நீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் அமைகின்றன. முறையான புவித்தொடுப்பும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கசிவு மின்துண்டிப்பானும் இங்கு இன்றியமையாதவை.

துப்பாக்கிகளும் வெடிமருந்தும்

படப்பிடிப்பில் மூவகைத் தோட்டாக்கள் பேசப்படுகின்றன. வெடிமருந்தும் குண்டும் கொண்டது உண்மைத் தோட்டா. வெடிமருந்து மட்டும் கொண்டு, ஒலியும் சுடரும் எழுப்புவது வெற்றுத் தோட்டா. உண்மைத் தோட்டா போலத் தோற்றமளித்து, எதையும் வெடிக்காதது போலித் தோட்டா. முதலாவது படப்பிடிப்பு இடத்திலேயே இருக்கக்கூடாது என்பது பொதுவிதி.

வெற்றுத் தோட்டாவும் தீங்கற்றது அன்று. குழல் முனையிலிருந்து வெளியேறும் வாயுவும் அடைப்பானும் அண்மையில் இருப்பவரைக் கொல்லக்கூடியவை. 1984 அக்டோபரில் அமெரிக்க நடிகர் சான்-எரிக் எக்சம், படப்பிடிப்பு இடைவேளையில் வெற்றுத் தோட்டா இட்ட துப்பாக்கியைத் தம் நெற்றிப்பொட்டில் வைத்து விளையாட்டாகச் சுட்டதால் இறந்தார்.

புகையும் வாயுக்களும்

மூடுபனிக் காட்சிகளுக்குக் கிளைக்கால் கலவையோ கனிம எண்ணெயோ ஆவியாக்கப்படுகிறது. கனடாவின் பிரிட்டிசு கொலம்பியாவில் பொழுதுபோக்குத் துறைத் தொழிலாளரிடையே நடத்தப்பட்டு 2005 இல் வெளியான ஆய்வு, இப்புகைக்கு ஆளாவதற்கும் மூச்சுத் தொல்லைகளுக்கும் தொடர்பு உள்ளதைக் காட்டியது. உலர் பனிக்கட்டி எனப்படும் திண்மக் கார்பனீராக்சைடு −78.5 பாகை செல்சியசில் ஆவியாகும். இவ்வாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே அது பள்ளங்களிலும் தாழ்வான அறைகளிலும் தேங்கி, அங்கு படுத்து நடிப்பவருக்கு மூச்சடைப்பை ஏற்படுத்தலாம்.

களைப்பு

நாள் ஒன்றுக்கு 14 மணி நேரத்திற்கும் மேற்பட்ட பணி திரைத்துறையில் அரிது அன்று. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மதுசாரம் உள்ளவரின் செயல்திறனுக்கு ஒப்பாகக் குறைகிறது என்று 1997 இல் நேச்சர் ஆய்விதழில் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆண்டு மார்ச்சு மாதம், "பிளெசன்ட்வில்" திரைப்படத்தில் பணியாற்றிய ஒளிப்பதிவு உதவியாளர் பிரென்ட் எர்சுமன், 19 மணி நேரப் பணிக்குப் பின் வீடு திரும்பும் வழியில் தூக்கத்தில் மகிழுந்தைச் செலுத்தி இறந்தார். புகழ்பெற்ற ஒளிப்பதிவாளர் ஆசுகெல் வெக்சுலர் இந்நிகழ்வை முன்னிட்டுத் திரைத்துறையின் பணிநேரம் குறித்த ஆவணப்படம் ஒன்றை 2006 இல் வெளியிட்டார். இவ்வகை மரணங்கள் படப்பிடிப்பு இடத்திற்கு வெளியே நிகழ்வதால் பெரும்பாலும் சாலை விபத்தாகவே பதிவாகின்றன.

கணினிவழிப் பணிகள்

படத்தொகுப்பு, காட்சி விளைவுகள், அசைவூட்டம், நிகழ்பட ஆட்ட உருவாக்கம் ஆகியவற்றில் உயரமோ தீயோ இல்லை. எனினும் மணிக்கட்டு நரம்பு அழுத்தம், கழுத்து வலி, கண் களைப்பு, தூக்கமின்மை ஆகியவை பரவலாக உள்ளன. வெளியீட்டுத் தேதிக்கு முந்தைய வாரங்களில் ஓய்வின்றிப் பணியாற்றும் வழக்கம் நிகழ்பட ஆட்டத் துறையில் "கிரஞ்ச்" எனப்படுகிறது. 2004 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்சு நிறுவன ஊழியர் ஒருவரின் துணைவி, பெயர் குறிப்பிடாமல் எழுதிய மடல் இவ்வழக்கத்தை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தது. கூடுதல் நேர ஊதியம் கோரிய வழக்குகளில் அந்நிறுவனம் வரைகலைஞர்களுக்கு 15.6 மில்லியன் டாலரும், நிரலர்களுக்கு 14.9 மில்லியன் டாலரும் வழங்க உடன்பட்டது.

சப்பானியப் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் இளம் செய்தியாளர் ஒருவர் 2013 இல் இதயச் செயலிழப்பால் இறந்தார். இறப்புக்கு முந்தைய ஒரு மாதத்தில் அவர் 159 மணி நேரம் கூடுதலாகப் பணியாற்றியிருந்தார். 2017 இல் இது வெளியிடப்பட்டது. வாரத்தில் 55 மணி நேரமோ அதற்கு மேலோ பணியாற்றுவோருக்கு, 35 முதல் 40 மணி நேரம் பணியாற்றுவோரைவிடப் பக்கவாத வாய்ப்பு 35 விழுக்காடு மிகுதி என உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021 இல் கூட்டாக அறிவித்தன.

குறிப்பிடத்தக்க விபத்துகள்

டுவைலைட் சோன் (1982)

1982 சூலை 23 அன்று அதிகாலை, கலிபோர்னியாவில் வியட்நாம் போர்க்காட்சி ஒன்று படமாக்கப்பட்டது. தாழப் பறந்த உலங்கு வானூர்தியின் வால் சுழலியை வெடிகள் சேதப்படுத்தின. வானூர்தி கீழே விழுந்ததில் நடிகர் விக் மாரோவும், அவர் சுமந்துசென்ற ஏழு வயதுச் சிறுவனும் ஆறு வயதுச் சிறுமியும் இறந்தனர். இரவுப் பணியும் வெடிகளும் இருந்ததால் சட்டப்படி அனுமதி கிடைக்காது என்பதை அறிந்து, குழந்தைகள் முறையான அனுமதி இன்றி அமர்த்தப்பட்டிருந்தனர். இயக்குநர் சான் லாண்டிசு உட்பட ஐவரும் 1987 இல் விடுவிக்கப்பட்டனர். எனினும் இவ்விபத்து அமெரிக்கத் திரைத்துறையின் பாதுகாப்பு நெறிமுறைகளில் பெரும் மாற்றங்களுக்கு வித்திட்டது.

சுவார்டு ஆஃப் திப்பு சுல்தான் (1989)

1989 பிப்ரவரி 8 அன்று மைசூரின் பிரீமியர் படப்பிடிப்பு வளாகத்தில் இத்தொலைக்காட்சித் தொடருக்கான அரங்கில் தீப்பற்றியது. 60 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். தொடரின் இயக்குநரும் நடிகருமான சஞ்சய் கான் கடுமையான தீக்காயங்களுடன் உயிர் பிழைத்தார். எதிரொலியைத் தடுக்கச் சுவர்களில் சாக்குத்துணி பொருத்தப்பட்டிருந்தது. இந்தியத் திரைத்துறை வரலாற்றில் மிகுதியான உயிரிழப்பை ஏற்படுத்திய படப்பிடிப்பு விபத்துகளில் இது ஒன்றாகும்.

த குரோ (1993)

நடிகர் புரூசு லீயின் மகன் பிராண்டன் லீ 1993 மார்ச்சு 31 அன்று வட கரொலைனாவில் இறந்தார். இவ்விபத்து இரண்டு சிறு பிழைகளின் கூட்டால் நிகழ்ந்தது. அண்மைக் காட்சி ஒன்றுக்காக உண்மைத் தோட்டாக்களிலிருந்து வெடிமருந்தை மட்டும் அகற்றிப் போலித் தோட்டாக்கள் செய்யப்பட்டன. எரியூட்டி அகற்றப்படவில்லை. அது வெடித்ததில் ஒரு குண்டு குழலுக்குள் நகர்ந்து சிக்கிக்கொண்டது. பின்னர் அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா இட்டுச் சுட்டபோது, சிக்கியிருந்த குண்டு உண்மைத் தோட்டாவின் விசையுடன் வெளிப்பட்டது. ஒவ்வொரு முறையும் குழலைச் சோதிக்கும் வழக்கம் பின்பற்றப்பட்டிருந்தால் இது தடுக்கப்பட்டிருக்கும்.

மிட்நைட் ரைடர் (2014)

2014 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் சியார்ச்சியா மாநிலத்தில் தொடர்வண்டிப் பாலம் ஒன்றின் மீது கட்டில் போட்டுக் கனவுக்காட்சி படமாக்கப்பட்டது. தண்டவாளத்தில் படம்பிடிக்க இருப்புப்பாதை நிறுவனம் அனுமதி மறுத்திருந்தது. எதிர்பாராமல் வந்த சரக்குத் தொடர்வண்டியால் 27 வயதான ஒளிப்பதிவு உதவியாளர் சாரா சோன்சு இறந்தார். பலர் காயமடைந்தனர். இயக்குநர் ராண்டல் மில்லர் 2015 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத்தண்டனை பெற்றார். படப்பிடிப்பு மரணத்திற்காக இயக்குநர் ஒருவர் சிறை சென்றது அமெரிக்காவில் முன்னுதாரணம் ஆயிற்று.

ரசுட்டு (2021)

2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோவில் ஒத்திகையின்போது நடிகர் அலெக் பால்டுவின் பிடித்திருந்த துப்பாக்கியிலிருந்து உண்மைக் குண்டு வெளிப்பட்டு ஒளிப்பதிவாளர் அலைனா அட்சின்சு இறந்தார். இயக்குநர் சோயல் சோசா காயமடைந்தார். துப்பாக்கி பாதுகாப்பானது என்று அறிவிக்கப்பட்ட பிறகே நடிகரிடம் தரப்பட்டது. சில நாட்களுக்கு முன்னரே அவ்விடத்தில் துப்பாக்கிகள் தவறுதலாக வெடித்திருந்தன. விபத்து நடந்த அன்று காலை ஒளிப்பதிவுக் குழுவினர் சிலர் பணிநிலைமையைக் கண்டித்து வெளியேறியும் இருந்தனர். ஆயுதப் பொறுப்பாளர் 2024 இல் 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பால்டுவின் மீதான வழக்கு, சான்றுகள் மறைக்கப்பட்டதன் காரணமாக 2024 சூலையில் தள்ளுபடி செய்யப்பட்டது.

தடுப்பு முறைகள்

இடர் மதிப்பீடு என்பது எந்த ஆபத்து உள்ளது, அது யாரைத் தாக்கும், அதன் வாய்ப்பும் கடுமையும் எவ்வளவு, அதைக் குறைப்பது எவ்வாறு ஆகியவற்றை முன்கூட்டியே எழுத்தில் பதிவது ஆகும். கட்டுப்பாடுகள் ஐந்து படிநிலைகளாக வரிசைப்படுத்தப்படுகின்றன. மேலே உள்ள படி கூடுதல் பயன் தரும்.

# நீக்கம்: ஆபத்தான காட்சியைத் தவிர்த்தல் அல்லது வேறு வகையில் சொல்லுதல்.
# மாற்றீடு: வெற்றுத் தோட்டாவுக்குப் பதிலாகக் கணினியில் சுடரைச் சேர்த்தல்.
# பொறியியல் கட்டுப்பாடு: இரண்டாம் பாதுகாப்புக் கயிறு, கசிவு மின்துண்டிப்பான், தடுப்பு வேலி.
# நிருவாகக் கட்டுப்பாடு: ஒத்திகை, பணிநேர வரம்பு, எச்சரிக்கைக் கூட்டம், அனுமதிச் சீட்டு.
# தனியாள் காப்புக் கருவிகள்: தலைக்கவசம், உடற்பட்டை, காதடைப்பான், மிதவைச்சட்டை.

திரைத்துறையில் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. கடைசிப் படியில் உள்ள காப்புக் கருவிகளை ஒளிப்படக்கருவிக்கு முன் நிற்பவர் பெரும்பாலும் அணிய இயலாது. மிதவைச்சட்டை அணிந்த வில்லனைத் திரையில் காட்ட முடியாது. எனவே நடிகருக்கும் சண்டைக் கலைஞருக்கும் மேற்படிகளில் உள்ள கட்டுப்பாடுகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

கணினி வரைகலையின் வளர்ச்சி இதற்கு ஓரளவு துணைபுரிந்துள்ளது. முன்னர் திரையில் தெரியாதிருக்க மெல்லிய கம்பிகளே பயன்பட்டன. 1990களிலிருந்து கம்பியைப் படத்திலிருந்து கணினியில் அழிக்க முடிவதால், தடித்த கயிற்றையும் கூடுதல் காப்புக் கயிற்றையும் பயன்படுத்தலாம். 2021 விபத்துக்குப் பின் சில அமெரிக்கத் தொடர்கள் சுடக்கூடிய துப்பாக்கிகளை முற்றிலும் கைவிட்டன. எனினும், படப்பிடிப்பு இடத்தில் குறைந்த சுமையின் ஒரு பகுதி காட்சி விளைவுக் கலைஞரின் பணிநேரமாக இடம்பெயர்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது.

எந்தக் கடைநிலைத் தொழிலாளியும் ஆபத்தைக் கண்டால் படப்பிடிப்பை நிறுத்தக் கூறலாம் என்னும் உரிமை, செலவின்றிச் செயல்படுத்தக்கூடிய முறையாகும். நிறுத்தியவர் பழிவாங்கப்படமாட்டார் என்னும் உறுதி இல்லாதவிடத்து இவ்வுரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடுகிறது.

சட்டங்கள்

ஐக்கிய இராச்சியம்

1974 ஆம் ஆண்டின் பணியிட உடல்நலப் பாதுகாப்புச் சட்டம் திரைத்துறைக்கும் பொருந்தும். 2014 சூனில் "ஸ்டார் வார்சு" படத்தின் அரங்கில் நீரியல் கதவு ஒன்று விழுந்து நடிகர் ஆரிசன் போர்டின் கால் முறிந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட தயாரிப்பு நிறுவனத்திற்கு 2016 இல் 1.6 மில்லியன் பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது. உயிரிழப்பு நிகழாதபோதும், நிகழ்ந்திருக்கக்கூடிய தீங்கைக் கருத்தில் கொண்டு தண்டனை வழங்கப்படலாம் என்பதற்கு இது சான்றாகும்.

ஐக்கிய அமெரிக்கா

1970 ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டம் அடிப்படையாக அமைகிறது. இதற்கு மேலாகத் தொழிற்சங்கங்களும் தயாரிப்பு நிறுவனங்களும் இணைந்த குழு ஒன்று, துப்பாக்கி, உலங்கு வானூர்தி, நீர், தொடர்வண்டி முதலிய தலைப்புகளில் பாதுகாப்பு அறிக்கைகளை வெளியிடுகிறது. 2021 அக்டோபரில் தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்திற்கு ஆயத்தமான நிலையில், நாள்தோறும் 10 மணி நேர இடைவேளைக்கு உடன்பாடு ஏற்பட்டது.

இந்தியா

1981 ஆம் ஆண்டின் திரைப்படத் தொழிலாளர் மற்றும் திரையரங்குத் தொழிலாளர் சட்டம், எழுத்து வடிவிலான ஒப்பந்தம் இன்றித் திரைப்படத் தொழிலாளரை அமர்த்துவதைத் தடை செய்தது. இச்சட்டத்தை உள்ளடக்கிய 2020 ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புச்சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் வரையறையில் திரைப்படத்துடன் அசைவூட்டம், விளம்பரம், இணையத் தொடர், உண்மைநிலை நிகழ்ச்சி ஆகியவையும் இடம்பெறுகின்றன. ஒப்பந்தத்தில் ஊதியத்துடன் பாதுகாப்பு, பணிநேரம், நல வசதிகள் ஆகியவையும் குறிப்பிடப்பட வேண்டும்.

குழந்தை நடிகர்களுக்கான விதிகள் 2017 இல் வகுக்கப்பட்டன. இவற்றின்படி ஒரு குழந்தை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றி மூன்று மணி நேரத்திற்கு மேலும் பணியாற்றக்கூடாது. மாவட்ட நடுவரின் அனுமதி தேவை. வருவாயில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாக இடப்பட வேண்டும்.

பாலியல் துன்புறுத்தலும் தொழிற்பாதுகாப்புச் சிக்கலே ஆகும். 2013 ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் படப்பிடிப்பு இடங்களுக்கும் பொருந்தும். மலையாளத் திரைத்துறை குறித்துக் கேரள அரசு 2017 இல் அமைத்த நீதிபதி ஏமா குழுவின் அறிக்கை 2024 ஆகத்து 19 அன்று வெளியிடப்பட்டது. பாலியல் சுரண்டலுடன், படப்பிடிப்பு இடங்களில் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இல்லாததையும் அது பதிவு செய்தது. இதனால் பெண்கள் நீர் அருந்துவதைத் தவிர்த்து நோய்த்தொற்றுக்கு ஆளாவதாகவும் அறிக்கை கூறியது.

தமிழ்நாட்டில்

சென்னையும் அதன் சுற்றுப்புறமும் தென்னிந்திய மொழிப்படங்கள் பலவற்றின் படப்பிடிப்புக் களமாக விளங்கியுள்ளன. மலையாள நடிகர் செயன் 1980 நவம்பர் 16 அன்று சோழவரத்தில் "கோளிளக்கம்" படத்திற்காக உலங்கு வானூர்தியில் தொங்கும் காட்சியில் தாமே நடித்து, வானூர்தி தரையில் மோதியதால் இறந்தார்.

2020 பிப்ரவரி 19 அன்று இரவு, பூந்தமல்லி அருகே "இந்தியன் 2" படப்பிடிப்பு இடத்தில் விளக்குகளைத் தாங்கிய பளுதூக்கி சரிந்து, உதவி இயக்குநர் ஒருவர் உட்பட மூவர் இறந்தனர். பலர் காயமடைந்தனர். நடிகர் கமல்ஹாசன் இறந்தோர் குடும்பங்களுக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்ததுடன், தொழிலாளரின் பாதுகாப்பு போதுமானதாக இல்லை என்பதையும் எடுத்துரைத்தார். 2022 திசம்பரில் "விடுதலை" படப்பிடிப்பில் கயிறு அறுந்து விழுந்தும், 2024 சூலையில் "சர்தார் 2" படப்பிடிப்பில் உயரத்திலிருந்து விழுந்தும், 2025 சூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் "வேட்டுவம்" படத்தின் மகிழுந்துக் காட்சியிலும் சண்டைக் கலைஞர்கள் உயிரிழந்தனர்.

தமிழ்த் திரைத்துறைத் தொழிலாளர் சங்கங்கள் பெப்சி எனப்படும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் கூட்டமைப்பில் இணைந்துள்ளன. ஊதியம், பணிநேரம் ஆகியவற்றுடன் காப்பீடும் இழப்பீடும் இதன் பேச்சுவார்த்தைகளில் இடம்பெறுகின்றன. கொரோனா தொற்றுக் காலத்தில், 2020 செப்டம்பர் முதல் ஒரு படப்பிடிப்பில் 75 பேர் வரை மட்டுமே பங்கேற்கலாம் என்னும் கட்டுப்பாட்டுடன் தமிழ்நாட்டில் பணிகள் மீண்டும் தொடங்கின.

திறனாய்வு

பெரும்பாலான விபத்துகள் புதுமையானவை அல்ல. அவற்றுக்கு முன் எச்சரிக்கைகள் இருந்தன, விதிகளும் இருந்தன. மறுக்கப்பட்ட அனுமதி, தவிர்க்கப்பட்ட ஒத்திகை, சோதிக்கப்படாத குழல், அளவு மீறிய பாரம் ஆகியவை மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன. நடிகர் தாமே ஆபத்தான காட்சியில் நடித்தார் என்பதை விளம்பரமாக்கும் வழக்கமும் குறை கூறப்படுகிறது. இத்தகைய விளம்பரம் காயத்தை வீரமாகவும், மறுப்பைக் கோழைத்தனமாகவும் காட்டுகிறது.

இழப்பீடு பெரும்பாலும் நட்சத்திரங்களின் நன்கொடையாகவே அறியப்படுவது மற்றொரு குறையாகும். நன்கொடை விருப்பத்தைப் பொறுத்தது. காப்பீடும் எழுத்து வடிவ ஒப்பந்தமும் உரிமையைச் சார்ந்தவை. பெயர்ப்பட்டியலின் இறுதியில் விரைந்து மறையும் பெயர்களுக்கு உரியவர்களே இவ்வேறுபாட்டினால் மிகுதியும் பாதிக்கப்படுகின்றனர்.

இவற்றையும் பார்க்க

* தொழில்சார் உடல்நலம்
* இடர் மதிப்பீடு
* சண்டைக் கலைஞர்
* காட்சி விளைவுகள்
* தொழிற்சங்கம்